ஆலங்கட்டி நின்ற பிறகு நாங்கள் செய்த தவறுகள்

எங்கள் வீடு கிருஷ்ணகிரி மாவட்டம் வேப்பனப்பள்ளியை அடுத்த ஒரு சிற்றூரில், ஆந்திர எல்லைக்கு நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறது. என் மாமனார் வாங்கிய இரண்டரை ஏக்கர் மாந்தோப்பு எல்லைக்கு அப்பால், குப்பம் மண்டலத்தில் இருக்கிறது. வீட்டுக்குத் தமிழ்நாட்டுப் பட்டா, தோப்புக்கு ஆந்திரத்துப் பட்டாதார் பாஸ்புக் என்று இரண்டு மாநிலத்துக் காகிதங்களை ஒரே பீரோவில் வைத்துக்கொண்டு வாழ்வது இந்தப் பக்கத்தில் பலருக்கும் பழக்கமானதுதான். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு சித்திரை வெள்ளிக்கிழமை பெய்த ஆலங்கட்டி மழை இருபது நிமிடத்தில் வீடு, கொட்டகை, தோப்பு மூன்றையும் அடித்துவிட்டுப் போனது. அந்த இருபது நிமிடத்தில் உடைந்ததற்கு நாங்கள் பொறுப்பல்ல. ஆனால் அடுத்த மூன்று நாள்களில் எங்கள் அவசரத்தாலும் அறியாமையாலும் இழந்தது அதற்குச் சற்றும் குறைந்ததல்ல என்பதால், முக்கியமாக அதைப் பற்றியே எழுதுகிறேன்.

அன்று காலையிலிருந்தே புழுக்கம் தாங்கவில்லை. மூன்று மணிக்குமேல் வடமேற்கில் கறுத்த மேகத்தின் அடிவயிறு, பாசி படிந்த குளத்துத் தண்ணீரைப் போலப் பச்சையாகத் தெரிந்தது. முதலில் காற்று வந்தது. பிறகு, லாரியிலிருந்து ஜல்லியைக் கொட்டுவதுபோன்ற இரைச்சல் தொலைவில் கேட்டு, நெருங்கி, எங்கள் கூரைமேல் ஏறியது. கொட்டைப்பாக்கு அளவில் விழுந்தவை ஐந்தாறு நிமிடத்தில் எலுமிச்சை அளவுக்கு வந்துவிட்டன. என் மாமியார் பூஜை அறை வாசலில் உட்கார்ந்து "அர்ச்சுனா, அர்ச்சுனா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கொட்டகையில் கட்டியிருந்த மாடுகள் கதறியதும் என் கணவர் கையில் அகப்பட்ட அன்னக்கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடினார். அவர் இரண்டு மாடுகளையும் கன்றையும் அவிழ்த்து, தளம் போட்ட அறையின் தாழ்வாரத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தபோது, அந்தப் பாத்திரத்தில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஏழு குழிகள் விழுந்திருந்தன. அவர் தோளில் ஒரு வாரம் கன்றிப்போன தடம் இருந்தது. மாட்டுக்காக ஓடியதை நான் குறை சொல்லமாட்டேன்; ஆனால் அன்னக்கூடையைத் தேடுவதற்குப் பதிலாக மேகம் பச்சையான அந்தக் கால் மணி நேரத்திலேயே மாட்டை அவிழ்த்திருக்கலாம் என்று அவரே இப்போது சொல்கிறார். 1888 ஏப்ரலில் மொராதாபாத்தில் பெய்த ஆலங்கட்டியில் 246 பேர் இறந்ததாகப் பதிவு இருப்பதைப் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். திறந்த வெளியில் அகப்பட்டவர்களுக்கு இது விளையாட்டான மழை அல்ல.

மழை விட்டதும் என் மகன் முற்றத்திலிருந்து ஒரு கட்டியை எடுத்துவந்து, பாட்டியின் பாக்குவெட்டியில் வைத்து இரண்டாக வெட்டினான். உள்ளே வெங்காயத்தைப் போல, வெள்ளையும் கண்ணாடியும் மாறிமாறி நான்கு வளையங்கள் இருந்தன. சித்திரை வெயிலிலும் ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர் உயரத்தில் நீர் உறையும் குளிர் இருக்கிறது. தரையின் வெப்பத்தால் மேலெழும் காற்று மழைத்துளியை அந்த உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு போய் உறைய வைக்கிறது. உறைந்த கட்டி மேலும் நீரைச் சேர்த்துக்கொண்டு பெருத்து, காற்றால் தாங்க முடியாத எடைக்கு வந்ததும் விழுகிறது. ஆகவே கொடுமையான வெயில் காலத்திலும் பனிக்கட்டி விழுவதில் வியப்பில்லை. பழந்தமிழில் இதற்கு ஆலி என்று பெயர். எங்கள் ஊரில் கன்னடம் பேசுவோர் இன்றும் ஆலிகல்லு என்கிறார்கள். அடுத்த தெருத் தெலுங்குக்காரர்களுக்கு இது வடகண்ட்ல வானா. எலுமிச்சை அளவுள்ள கட்டி மணிக்கு 40 முதல் 60 கிலோமீட்டர் வேகத்தில் விழும் என்று தெரிந்த பிறகு, கூரையில் கண்டது எனக்கு வியப்பாக இல்லை.

எங்கள் வீடு மூன்று காலத்தில் கட்டியது. முன்கட்டு மங்களூர் ஓடு, பின்னால் ஓர் அறைக்கு மட்டும் தளம், சமையலறைக்கும் கொட்டகைக்கும் சிமெண்ட் சீட்டு. ஓட்டில் 140க்குமேல் உடைந்திருந்தன. கொட்டகையில் பதினொரு சீட்டில் ஐந்து பொத்தலாகி, மழைக்குப் பின் வந்த வெயில் அந்த ஓட்டைகள் வழியாகச் சாணித் தரையில் காசு காசாக விழுந்து கிடந்தது. தளத்தில் எதுவும் உடையாது என்று நாங்கள் நினைத்தோம். ஆனால் மிக அதிகமான தண்ணீர் வீட்டுக்குள் வந்தது அந்தத் தளத்தின் வழியாகத்தான். காற்றில் உதிர்ந்த வேப்பிலையும் ஆலங்கட்டியும் சேர்ந்து வடிகுழாய் வாயை அடைத்துக்கொள்ள, மொட்டைமாடியில் ஒரு சாண் உயரத்துக்குத் தண்ணீர் தேங்கி, மாடிப்படிக் கதவின் கீழாக இறங்கி, படியடியில் அடுக்கியிருந்த கேழ்வரகு மூட்டைகளையும் பீரோவின் கீழ்த்தட்டையும் நனைத்துவிட்டது. மழை நின்று அரை மணி நேரம் கழித்தும் அந்தப் பனிக்கட்டி கரைந்துகொண்டே இருந்ததால் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. ஒரே ஒரு வடிகுழாய் மட்டும் உள்ள தளம் உங்களுடையது என்றால், ஒரு சாணுக்குக் கீழே கைப்பிடிச் சுவரில் இன்னொரு துளை போட்டுக் குழாய் வைத்துக்கொள்ளுங்கள். கொத்தனாருக்கு அரை நாள் வேலைகூட இல்லை. கேழ்வரகு மூன்று மூட்டை முளைவிட்டுப் போன பிறகு நாங்கள் அதைச் செய்தோம்.

மின்சாரத்தில் ஒரு பெரிய விபத்திலிருந்து தப்பினோம். ஓடு உடைந்து கூடத்து மின்விசிறியின் மேல் தண்ணீர் வழிவதைப் பார்த்ததும் என் கணவர் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, ஈரத் துணியோடு ஏணியில் ஏறப்போனார். அப்போதுதான் அந்த மின்விசிறி இன்னும் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருப்பதை என் மகன் காட்டினான். மெயினை அணைத்தாலும் இன்வெர்ட்டர் தன் மின்கலத்திலிருந்து கூடத்துக்கும் சமையலறைக்கும் மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருக்கும் என்பது எங்களுக்குத் தெரியாததல்ல. அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான். இப்போது மெயின் பெட்டிக்குப் பக்கத்திலேயே "இன்வெர்ட்டரையும் அணை" என்று பெயின்ட்டால் எழுதி வைத்திருக்கிறோம். நனைந்த மின்விசிறியையும் சுவிட்ச் பலகையையும் வெயிலில் மூன்று நாள் உலரவிட்டு, மின்பணியாளர் சோதித்த பிறகே இணைப்புக் கொடுத்தோம்.

சூரியச் சுடுநீர்க் கருவியில் பதினைந்து கண்ணாடிக் குழாய்களில் நான்கு உடைந்தன. நான்கில் ஒன்று உடைந்தாலே போதும், தொட்டியில் இருக்கும் சுடுநீர் முழுவதும் அந்த வழியாக ஓடிவிடும். எங்கள் முட்டாள்தனம் அடுத்த நாள் நடந்தது. புதுக் குழாய் நான்கை வாங்கிவந்து மாட்டிய கையோடு, நண்பகல் வெயிலில் தொட்டிக்குக் கிணற்றுத் தண்ணீரைத் திறந்துவிட்டோம். வெறுமையாகக் காய்ந்துகொண்டிருந்த குழாய்களுக்குள் குளிர்ந்த நீர் இறங்கியதும் படார் படாரென்று மூன்று வெடித்தன. அவற்றில் ஆலங்கட்டிக்குத் தப்பிய பழைய குழாய் இரண்டு. காலியான கருவியில் விடியற்காலையிலோ பொழுது சாய்ந்து குழாய் ஆறிய பிறகோதான் தண்ணீர் நிரப்ப வேண்டும்.

பீரோவின் கீழ்த்தட்டில் இருந்தவை ஊறிப்போன பத்திரங்கள். ஒட்டிக்கொண்ட தாள்களைப் பிரிக்க முயன்ற என்னைத் தடுத்தவர், ஆவண எழுத்தராக இருந்து ஓய்வுபெற்ற எங்கள் பெரியப்பா. அவர் சொன்னபடி, கட்டைப் பிரிக்காமல் அப்படியே சரித்து நீரை வடியவிட்டு, பழைய வேட்டியின்மேல் நிழலில் வைத்து, விசிறிக்காற்றில் அரை ஈரத்துக்கு வந்த பிறகு ஒவ்வொரு தாளாக எழுப்பி, இடையிடையே அச்சு மை இல்லாத வெள்ளைத் தாளை வைத்து மாற்றிக்கொண்டே இருந்தோம். வெயிலில் போட்டிருந்தால் தாள் சுருண்டு, முத்திரைத்தாளின் மை பரவியிருக்கும் என்றார். கிரயப் பத்திரம் பிழைத்தது. பாஸ்புக்கில் இரண்டு பக்கத்தில் மட்டும் எழுத்து கரைந்துவிட்டது.

இனி, உண்மையில் எங்களுக்கு நட்டம் வந்த கதை. வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கும் நேரம் நெருங்கியதால், உடைந்த ஓடும் இலையும் சேறுமாக வீடு கிடக்கக்கூடாது என்று மாமியார் துடைப்பத்தை எடுத்துவிட்டார். "அத்தை, கொஞ்சம் பொறுங்க" என்று நானும் சொல்லவில்லை. நானே முறத்தை எடுத்துக்கொண்டு கூடச் சேர்ந்தேன். சனிக்கிழமை காலைக்குள் உடைந்த ஓடுகளைக் கிணற்றடிச் சேற்றில் கொட்டி மிதித்தாகிவிட்டது. சீட்டுத் துண்டுகளைக் குழி தோண்டிப் புதைத்தாகிவிட்டது. தோப்பில் உதிர்ந்த காயை அழுகிவிடுமே என்று பொறுக்கி, ஊறுகாய்க்கு வாங்கும் வியாபாரியிடம் கிலோ 4 ரூபாய்க்குக் கொடுத்தாகிவிட்டது. திங்கட்கிழமை கிராம நிர்வாக அலுவலர் வந்தபோது, பெருக்கி மெழுகிய வீட்டுக்குமேல் நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தது. "சேதம் எங்கம்மா?" என்று அவர் கேட்டதில் தவறில்லை. எங்களிடம் இருந்தது மங்கலான ஒரு புகைப்படம், அதிலும் என் மகன் ஆலங்கட்டியை வாயில் போட்டுக்கொண்டு சிரிக்கிறான்.

ஆலங்கட்டி மழை, மாநிலப் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து உதவி பெறத் தகுதியான இயற்கைப் பேரிடர்களில் ஒன்று. 2022 முதல் 2026 வரைக்கான மத்திய அரசின் வரையறைப்படி, கல்வீட்டில் குறைந்தது 15 விழுக்காடு சேதம் இருந்தால் 6,500 ரூபாய். பயிரில் 33 விழுக்காட்டுக்குக் குறையாமல் சேதம் இருந்தால், மா போன்ற பல்லாண்டுப் பயிருக்கு எக்டேருக்கு 22,500 ரூபாய், இரண்டு எக்டேர் வரை. தொகை பெரிதில்லை, ஆனால் இரண்டுக்குமே விழுக்காட்டை ஒருவர் கண்ணால் பார்த்துக் கணக்கிட வேண்டும். உடைந்த ஓடும் சீட்டும் அப்படியே இருந்திருந்தால் எங்கள் வீடு 15 விழுக்காட்டைத் தாண்டியிருக்கும். தோப்பு ஆந்திரத்தில் இருப்பதால் அதற்குத் தனியாகக் குப்பம் பக்கத்துக் கிராமச் செயலகத்தில் மனுக் கொடுக்க வேண்டும் என்பதையும் தமிழ்நாட்டு அலுவலர் சொல்லித்தான் அறிந்தோம். அங்கே போனபோது பாஸ்புக்கில் எழுத்து கரைந்த பக்கங்களுக்கு நகல் வாங்கிவரச் சொன்னார்கள். அந்த நகல் கைக்கு வருவதற்குள் தோப்பில் பார்ப்பதற்கு எதுவும் மிச்சமில்லை. நிலம் ஒரு மாநிலத்திலும் வீடு ஒரு மாநிலத்திலும் உள்ளவர்கள், இரண்டு பக்கத்துக் காகிதங்களையும் நகலெடுத்து இரண்டு இடத்தில் வைத்துக்கொள்வது நல்லது. எங்கள் நகல் இப்போது என் நாத்தனார் வீட்டில் இருக்கிறது.

படம் எடுப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. உருகுவதற்கு முன் ஒரு கட்டியை எடுத்து, பக்கத்தில் பத்து ரூபாய் நாணயத்தை வைத்துப் படமெடுத்தால் போதும். அந்த நாணயத்தின் விட்டம் 27 மில்லிமீட்டர் என்பதால் கட்டியின் அளவு யார் பார்த்தாலும் விளங்கும். வீட்டு எண் தெரிய ஒரு படம், ஒவ்வோர் அறையின் உள்ளிருந்து கூரையை நோக்கி ஒரு படம், உடைந்ததைக் குவித்து வைத்து ஒரு படம். மழைநீர் உள்ளே வராமல் தார்ப்பாய் கட்டுவதற்கு யார் வரும்வரையும் காத்திருக்கத் தேவையில்லை, காத்திருக்கவும் கூடாது, படமெடுத்துவிட்டுக் கட்டலாம். உடைந்தவற்றைத்தான் ஒரு மூலையில் அப்படியே விட்டுவைக்க வேண்டும்.

சீட்டுத் துண்டுகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பழைய சிமெண்ட் சீட்டு என்பது பெரும்பாலும் ஆஸ்பெஸ்டாஸ் கலந்தது. அதன் தூசு நுரையீரலுக்குக் கெடுதல் என்று தெரியாமல் நாங்கள் காய்ந்த துடைப்பத்தால் பெருக்கினோம். தண்ணீர் தெளித்து நனைத்து, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, உடைக்காமல் முழுத்துண்டாக எடுத்து, தடித்த பையில் கட்ட வேண்டும். இதைவிட உடனடி ஆபத்து மேலே இருக்கிறது. ஓட்டை விழாத சீட்டிலும் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கும். கொட்டகையைப் பார்க்க வந்த ஆள் "இது நல்லாத்தான் இருக்கு" என்று கால் வைத்த சீட்டு அப்படியே விட்டுவிட, தொடைவரை உள்ளே இறங்கிவிட்டார். கீழே வைக்கோல் போர் இருந்ததால் சிராய்ப்போடு போயிற்று. போல்ட் வரிசை தெரியும் இடத்தில்தான் கீழே சீட்டைத் தாங்கும் சட்டம் இருக்கிறது. அதன்மேல் குறுக்கே பலகை போட்டு, பலகையில்தான் நிற்க வேண்டும். விரிசலைக் கண்டுபிடிக்க மேலே ஏறவே வேண்டியதில்லை. நல்ல வெயிலில் உள்ளே நின்று, கதவை மூடிக்கொண்டு அண்ணாந்து பார்த்தால் மயிரிழை வெளிச்சம் காட்டிக்கொடுத்துவிடும்.

ஓடு வாங்குவதில் இன்னொரு முறை ஏமாந்தோம். இடிக்கும் வீடுகளிலிருந்து எடுத்த பழைய மங்களூர் ஓடு கிருஷ்ணகிரியில் கிடைக்கிறது என்று போய், எண்ணி 150 வாங்கிவந்தோம். கூரையில் வைத்தால் பக்கத்து ஓட்டின் காடியில், அதாவது ஓடுகள் கோத்துக்கொள்ளும் பள்ளத்தில், உட்கார மறுக்கிறது. ஒவ்வொரு ஆலையின் ஓட்டுக்கும் நீளமும் காடியும் கொஞ்சம் மாறும். ஓட்டின் அடியில் ஆலையின் பெயர் பதிந்திருக்கும். உடையாத ஓடு ஒன்றைக் கையோடு எடுத்துப்போய்ப் பொருத்திப் பார்த்துத்தான் வாங்க வேண்டும் என்று வேலைக்கு வந்த மேஸ்திரி சொன்னார், வாங்கிவந்த பிறகு. பொருந்தாத ஓடுகளை ஒரே பக்கச் சரிவுக்கு ஒதுக்கி, அங்கிருந்த பழைய ஓட்டைப் பிரித்து மற்றப் பக்கத்துக்குக் கொண்டுபோய் ஒருவாறு சமாளித்தார். கூலி இரட்டிப்பானது.

தோப்பில் பெங்களூரா ரக மாங்காய் பாதி அளவுக்கு வந்திருந்த நேரம். உதிர்ந்தது பாதிதான்; மரத்தில் நின்ற காயைப் பார்த்து ஆறுதல் அடைந்தோம். பத்து நாளில், அடிபட்ட இடமெல்லாம் கறுத்து, பால் கசிந்து, அங்கிருந்து அழுகத் தொடங்கியது. மாம்பழக் கூழ் ஆலைக்குப் போகும் காய் என்றாலும் அழுகலை எடுக்கமாட்டார்கள். இரண்டு மூன்று நாளைக்குள் பூஞ்சணக்கொல்லி தெளித்து, பட்டை உரிந்த கிளைகளுக்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ பசை பூசியிருந்தால் கொஞ்சமாவது காப்பாற்றியிருக்கலாம் என்று தோட்டக்கலை அலுவலர் சொன்னார். கிளைகளுக்குப் பசை பூசினோம். அந்தப் பருவத்துக் காய்க்குக் காலம் கடந்துவிட்டது. காப்பீட்டுக்கென அரசு அறிவித்த பயிருக்குக் காப்பீடு செய்திருந்தால், ஆலங்கட்டிச் சேதத்தை 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். 14447 என்ற எண்ணில் சொல்லலாம். நாங்கள் காப்பீடே செய்திருக்கவில்லை.

வீட்டுக்கும் காப்பீடு இல்லை. பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் எல்லாமே 2021 ஏப்ரல் முதல் பாரத் கிருஹ ரக்ஷா என்ற ஒரே மாதிரியான வீட்டுக் காப்பீட்டைக் கொடுக்கின்றன. புயல், சூறாவளி, வெள்ளம் அதில் அடங்கும். இப்போது எடுத்திருக்கிறோம். ஓட்டுக்கூரையையும் கொட்டகையையும் சேர்த்துச் சொல்லி, ஆலங்கட்டி அடங்குமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டேன். எதிர்வீட்டுத் தம்பியின் காருக்கு முன்கண்ணாடியும் மேல்தகடும் போயின. மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்ததால் அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. முழுக் காப்பீட்டில் ஆலங்கட்டி வெளிப்படையாகவே எழுதப்பட்டிருக்கிறது.

எச்சரிக்கை வந்ததா என்றால், வந்தது. எங்கள் ஊரில் கைபேசி பெரும்பாலும் ஆந்திரக் கோபுரத்தைத்தான் பிடிக்கும். அன்று இரண்டரை மணிக்கே என் கணவரின் கைபேசிக்குப் "பிடுகுலு" என்று தொடங்கும் தெலுங்குக் குறுஞ்செய்தி வந்திருக்கிறது. விளம்பரம் என்று நினைத்துத் திறக்காமல் விட்டுவிட்டார். பிடுகு என்றால் இடி என்று வீட்டில் எல்லோருக்கும் பேச்சுத்தெலுங்கில் தெரியும், எழுத்தைத்தான் யாருக்கும் படிக்கத் தெரியாது. பிறகு அடுத்த தெருப் பெண்ணிடம் அந்த ஒரு சொல்லின் எழுத்துருவை மட்டும் கற்றுக்கொண்டோம். மின்னலைக் காட்டும் தாமினி செயலியையும் மகன் இறக்கி வைத்திருக்கிறான். அது ஆலங்கட்டியைச் சொல்லாது. ஆனால் இடிமேகம் எந்தப் பக்கம் நிற்கிறது என்று தெரிந்தால் மாட்டை அவிழ்த்துக் கட்ட நேரம் கிடைக்கும்.

கூரையில் இரண்டு வகை ஓடும் சேரும் முகட்டில் மட்டும் இன்னும் ஒழுகுகிறது. மேஸ்திரி இரண்டு முறை வந்து சுண்ணாம்புக் கலவை பூசிப் பார்த்துவிட்டார். மழை தொடங்கினால், குழி விழுந்து அடி சமமாக நிற்காத அந்த அன்னக்கூடையை மாமியார் கொண்டுவந்து, ஒரு பக்கம் ஓட்டுத்துண்டை முட்டுக்கொடுத்து, அந்த இடத்தில் வைக்கிறார்.